நாலு மணி ஆனால் வாய் ஏன் நமநமக்கிறது?

கேள்வி கேட்ட தம்பிக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் வேலை, வயது 27. ஒன்பது வருடமாக ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடித்தவர், விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மற்ற நேரம் எப்படியோ ஓடிவிடுகிறது, சாயங்காலம் நாலு மணிக்கு டீ குடிக்க மாடியிலிருந்து கீழே இறங்கினால் மட்டும் தாங்க முடியவில்லை என்கிறார். டீ ஒரு நாளைக்கு ஆறேழு. ராத்திரி போனை எடுத்தால் ஒன்றரை மணி வரை ரீல்ஸ். "பிடித்துப் பார்க்கவில்லை, ஆனால் வைக்கவும் முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். எதிலும் ஒட்டுதல் இல்லை, கடையில் சுள்ளென்று கோபம் வருகிறது. டோபமைன் என்பது மூளையின் நரம்பணுக்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். போன், நொறுக்குத் தீனி எல்லாவற்றையும் ஒதுக்கி ஏழு நாள் 'டோபமைன் விரதம்' இருந்தால் மூளை புதிதாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம். எனக்கு டோபமைன் குறைந்துவிட்டதா, அதற்கு டெஸ்ட் உண்டா, விரதம் பலிக்குமா, சித்திரைத் திருவிழா வருகிறதே, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை ராத்திரி நண்பர்களோடு நிற்கும்போது என்ன செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் நடத்தியவன். ஓய்வு பெற்று இப்போது தெப்பக்குளம் பக்கம் இருக்கிறேன். பதினாறு வருடம் புகைத்துவிட்டு விட்டவனும்கூட. அதனால் இந்தக் கேள்வியை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் டெஸ்ட். அப்படி ஒன்று லேபில் கிடையாது. ரத்தத்தில் டோபமைனை அளக்கலாம், ஆனால் ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் போகாது. நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. அதனால் அந்த எண் உங்கள் மனதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டோபமைன் நிஜமாகவே வற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பார்க்கின்சன் நோய்தான் சாட்சி. கை நடுங்கும், உடம்பு இறுகும், எழுந்து நாலடி வைப்பதே பெரும்பாடு. 1950களின் கடைசியில் சுவீடனில் அர்விட் கார்ல்சன் என்பவர் விலங்குகளுக்கு ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார், அவை அசைவற்றுக் கிடந்தன. பிறகு எல்-டோபா ஊசி போட்டார், எழுந்து நடமாடின. டோபமைன் தனியாக ஒரு வேலை செய்கிறது என்பது அதிலிருந்துதான் துலங்கியது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒரு விஷயம்: ரிசர்பின் நம்மூர் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்தது, எல்-டோபா நம்மூர் பூனைக்காலி விதையில் இயற்கையாகவே இருக்கிறது. இதைச் சொன்னதும் பூனைக்காலிப் பொடி வாங்கப் போய்விடாதீர்கள். அது மருந்து, அளவு தவறினால் வாந்தி, படபடப்பு எல்லாம் வரும். உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஆறேழு டீக்கு மாடி இறங்கி ஏறுகிறவருக்கு டோபமைன் வற்றவில்லை.

அது வண்டியில் இருக்கும் பெட்ரோல் மாதிரி கூடுவதும் குறைவதுமான சரக்கு என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அதில் டோபமைனை வெளியிடுபவை சில லட்சம்தான், பெரும்பாலும் நடுமூளையில் இருக்கின்றன. இந்தச் சில லட்சம்தான் மேலே பல இடங்களுக்குக் கிளை விட்டு, "இது முக்கியம், இதைக் குறித்துக்கொள், இதை நோக்கிப் போ" என்று அந்தந்த வினாடிக்குச் சேதி அனுப்புகின்றன. ஏழு நாள் பட்டினி போட்டு இந்தச் சேதியைக் 'காலி' செய்ய முடியாது. போனையும் நொறுக்குத் தீனியையும் ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் நல்லதுதான், ஆனால் நல்லது நடப்பதற்குக் காரணம் வேறு. பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரிக்கு வருகிறேன்: "பிடித்துப் பார்க்கவில்லை, ஆனால் வைக்கவும் முடியவில்லை." இந்த ஒரு வரியை ஆராய்ச்சிக்காரர்கள் புரிந்துகொள்ள முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

1954-ல் கனடாவில், மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, ஒரு நெம்புகோலை எலி அழுத்தினால் அந்த இடத்தில் லேசாக மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். எலி அழுத்திக்கொண்டே இருந்தது. பின்னால் நடந்த சோதனைகளில் சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்தின, சோர்ந்து விழும்வரை. சரி, மூளையின் இன்பம் சுரக்கும் இடத்தைப் பிடித்துவிட்டோம் என்று உலகமே நினைத்தது. டோபமைனுக்கு 'இன்ப ரசாயனம்' என்று பேர் வந்தது இந்த வழியில்தான். இன்றைக்கும் அந்தப் பேர் போகவில்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் 1980களின் கடைசியில் இதைச் சோதித்துப் பார்த்தார். எலியின் மூளையில் டோபமைன் அநேகமாக இல்லாமல் ஆக்கிவிட்டு, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டார். இன்ப ரசாயனம் போய்விட்டதென்றால் எலிக்கு இனிப்பு பிடிக்கக் கூடாது. ஆனால் அந்த எலிகள் மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சப்புக்கொட்டி ரசித்தன. கசப்பு கொடுத்தால் முகத்தைச் சுளித்தன. ருசி அப்படியே இருந்தது. போனது என்னவென்றால், இரண்டடி தள்ளி வைத்த தீனியைப் போய் எடுக்க வேண்டும் என்ற எண்ணம். ஊட்டாவிட்டால் அவை பட்டினியில் செத்துப்போகும். ஆக, 'வேண்டும்' என்பது ஒரு வேலை, 'பிடிக்கிறது' என்பது இன்னொரு வேலை. முதலாவதை டோபமைன் பார்க்கிறது. இரண்டாவதை மூளைக்குள்ளேயே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள், மிகச் சிறிய சில இடங்களில், பார்க்கின்றன. சாதாரணமாக இரண்டும் கைகோத்துக்கொண்டு போவதால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது. பழக்கம் முற்றினால் பிரிந்துவிடும். வேண்டும் வேண்டும் என்பது ஏறிக்கொண்டே போகும், பிடிப்பது இறங்கிக்கொண்டே வரும்.

என் அப்பத்தாவுக்கு ஊர் சோழவந்தான் பக்கம். கொடிக்கால் வெற்றிலை பேர்போன ஊர், 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியது. அப்பத்தாவுக்குப் பல் போன பிறகு சின்ன இரும்பு உரலில் வெற்றிலையும் பாக்கும் இடித்து, நுனி விரலில் புகையிலை சேர்த்து, கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும். கடைசி வருடம் ஒரு காய்ச்சலில் நாக்கில் ருசியே போய்விட்டது. உரலில் இடிக்கிற சத்தம் கேட்கும், வாயில் போடும், இரண்டு மென்று மென்றுவிட்டு, "மண்ணு மாதிரி இருக்குடா" என்று படிக்கத்தில் துப்பிவிடும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் கயிற்றை இரண்டு விரல் தானாக இழுத்துக்கொண்டிருக்கும். மறுபடி உரல், மறுபடி துப்பல். நாங்கள் பிள்ளைகள் சிரித்திருக்கிறோம். பெரிட்ஜ் எழுதியதைப் படித்த நாளில் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன, சிரித்ததற்கு மனம் கனத்தது. (புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. வீட்டில் யாராவது போடுகிறவர்கள் இருந்தால் வாய்க்குள் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.)

மனிதர்களிடமும் இதற்கு நேர்ச் சாட்சி உண்டு. பார்க்கின்சன் நோய்க்காக டோபமைன் வேலையைச் செய்யும் ஒருவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலர், வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர்கள்கூட, திடீரென்று சூதாட ஆரம்பிக்கிறார்கள், கண்டதையும் வாங்கிக் குவிக்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். மாத்திரையைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். குணம் கெட்டுவிட்டது என்று வீட்டில் திட்டியிருப்பார்கள், பாவம்.

சரி, நாலு மணிக்கு வருவோம். இதற்குப் பதில் சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில் இருக்கிறது. குரங்கின் டோபமைன் நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் எப்போது துடிக்கின்றன என்று அளந்துகொண்டே வாயில் பழச்சாறு விட்டார். முதலில், சாறு வந்தபோது துடித்தன. பிறகு சாற்றுக்கு முன்னால் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினார். சில நாளில் துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு வாயில் விழும்போது ஒன்றும் இல்லை, ஏற்கனவே எதிர்பார்த்ததுதானே. மூன்றாவதாக, விளக்கை எரியவிட்டு, சாற்றை நிறுத்தினார். சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே சரிந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டோபமைன் சொல்கிறது. அதிகம் கிடைத்தால் ஏறும், அவ்வளவே கிடைத்தால் சும்மா இருக்கும், ஏமாந்தால் இறங்கும்.

உங்களுக்கு விளக்கு எது? நாலு மணி. மாடிப்படி. கீழே கடையில் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் விழும் வாசனை, கண்ணாடி டம்ளரின் சூடு, பக்கத்துக் கடைக்காரர் தீப்பெட்டி உரசும் சத்தம். ஒன்பது வருடம் இவை எல்லாம் முடிந்த கையோடு நிகோட்டின் வந்தது. புகை இழுத்த பத்து இருபது வினாடிக்குள் அது மூளைக்குப் போய்விடுகிறது. பாடம் இவ்வளவு சீக்கிரம் திருத்தப்படும் பள்ளிக்கூடம் வேறில்லை. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வையுங்கள், ஒரு நாளைக்கு நூறு, ஒன்பது வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். அத்தனை முறை எழுதிப் பழகிய கையெழுத்து அது. இப்போது படி இறங்குகிறீர்கள், விளக்கு எரிகிறது, சாறு வரவில்லை, துடிப்பு சரிகிறது. அந்தச் சரிவைத்தான் நீங்கள் "தாங்க முடியவில்லை" என்கிறீர்கள். மன உறுதி இல்லாததால் வருவதல்ல அது.

இது எவ்வளவு நாள் உறங்கிக் கிடக்கும் என்பதற்கு என் கதை. விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. நினைப்பே கிடையாது. ஒரு நாள் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து விடியற்காலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினேன். குளிர்ந்த காற்று, டீசல் வாசனை, "பெரியார், பெரியார்" என்று கூவும் குரல், டீக்கடை பாய்லர் ஆவி. என் வலது கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. பையில் மூக்குக் கண்ணாடிதான் இருந்தது. நாலு வருடமாக நான் அந்த நேரத்தில் அங்கே இறங்கியதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. வீட்டில், வேலையிடத்தில், தெருவில் எல்லாம் பழைய பாடத்தின் மேல் புதுப் பாடம் எழுதிவிட்டேன், அந்த ஒரு இடத்தில் மட்டும் எழுதவில்லை. மறதியால் பழைய பாடம் அழிவதில்லை. அதே இடத்தில், அதே நேரத்தில், சிகரெட் இல்லாமல் பலமுறை நின்றால்தான் மூளை புதிதாக ஒன்றை அதன் மேல் எழுதும். உங்கள் பன்னிரண்டு நாளில் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு நாலு மணியும் அப்படி எழுதிய ஒரு வரிதான். வீணாகப் போகவில்லை.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, அதற்கும் மூளையில் ஒரு இடம் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கற்கும்போது, "இது செய்தால் அது கிடைக்கும்" என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறோம். திரும்பத் திரும்பச் செய்தால் வேலை ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கத்துக்கு மெதுவாகக் கைமாறுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் பல வருடம் இதைத்தான் ஆராய்ந்தார். எலி ஒரு பாதையை நன்றாகப் பழகியதும், அந்தப் பகுதியின் நரம்பணுக்கள் ஓட்டத்தின் ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும் பலமாகத் துடிக்கின்றன, நடுவில் அடங்கிவிடுகின்றன. முழு வேலையும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டுவிட்டது என்று பொருள். நீங்கள் விளக்குத்தூணில் வண்டியைக் கிளப்பி, வீட்டு வாசலில் நிறுத்தும்போது, நடுவில் கீழவாசலைத் தாண்டியதே ஞாபகம் இல்லாமல் இருக்கிறதே, அதுதான்.

இது நல்ல ஏற்பாடு. இல்லாவிட்டால் வேட்டி கட்டுவதற்கே அரைமணி யோசிக்க வேண்டும். ஆனால் கட்டிய கட்டு, பலன் போன பிறகும் அவிழாது. இங்கிலாந்தில் 1980களில் செய்த சோதனைகளில், நெம்புகோலை அழுத்தினால் இனிப்பு என்று எலிகளைப் பழக்கினார்கள். பிறகு அதே இனிப்பைத் தின்றால் வயிற்றைப் புரட்டும்படி செய்தார்கள். கொஞ்ச நாள் மட்டும் பழகிய எலிகள் நெம்புகோலை விட்டுவிட்டன. நீண்ட நாள் பழகியவை, இனிப்பு வேண்டாம் என்று ஒதுக்கிய பிறகும், நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருந்தன. உங்கள் கட்டைவிரலும் ரீல்ஸும் இதுதான். மேலே ஒரு தள்ளு, கண் பார்க்கிறது, மறுபடி தள்ளு.

அதோடு போனில் இன்னொரு சூட்சுமமும் சேர்கிறது. எப்போதாவது மட்டும், எப்போது என்று தெரியாமல், பரிசு வந்தால் பழக்கம் மிக அழுத்தமாகப் பதியும் என்று புறாக்களை வைத்து ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்தக் காலத்திலேயே காட்டினார். இருபது ரீல்ஸ் சப்பென்று போகும், இருபத்தொன்றாவது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். அந்த இருபத்தொன்று எப்போது வரும் என்று தெரியாததுதான் பிடி. ஆன்லைன் ரம்மியும் இதே பிடியில்தான் வீடுகளை விற்க வைத்தது. வரும் என்று தெரிந்ததற்கு ஏறாத டோபமைன், வருமோ வராதோ என்பதற்கு ஏறும்.

மனச்சோர்வைப் பற்றி நீங்கள் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களைப் பயமுறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். நிகோட்டின் தினமும் வந்துகொண்டிருந்தால் மூளை அதற்கேற்ப ஏற்பிகளை, அதாவது நரம்பணுவில் சேதியை வாங்கிக்கொள்ளும் இடங்களை, மாற்றி வைத்துக்கொள்கிறது. மேலே தள்ளுகிற கை ஒன்று இருந்தால், சமநிலைக்காகக் கீழே இழுக்கிற கை ஒன்றை உடம்பே வளர்க்கும். நீங்கள் தள்ளுகிற கையை எடுத்துவிட்டீர்கள். இழுக்கிற கை இன்னும் இருக்கிறது. கோபம், சலிப்பு, எதிலும் பிடிப்பின்மை, தூக்கம் கெடுதல் எல்லாம் அதன் வேலை. பொதுவாக முதல் வாரம் உச்சத்தில் இருக்கும், இரண்டிலிருந்து நாலு வாரத்தில் அடங்கும். மூளையின் ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் சில வாரம் ஆகலாம். நீங்கள் மேட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

"சிகரெட்தான் என் டென்ஷனைக் குறைத்தது" என்று தோன்றும். அதைப் பற்றி 2014-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விட்டவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் குறைந்திருந்தன, விடாமல் தொடர்ந்தவர்களைவிட மனம் மேம்பட்டிருந்தது. சிகரெட் குறைத்த டென்ஷனில் பெரும்பங்கு, முந்தைய சிகரெட் தீர்ந்ததால் வந்த டென்ஷன்.

உங்கள் டீயைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள், கல்லீரல் காஃபீனைச் சீக்கிரம் வெளியேற்றும்படி செய்கின்றன. புகையை நிறுத்தினால் சில நாளிலேயே அந்த வேகம் குறைந்துவிடும். அதே ஆறு டீ இப்போது உடம்பில் கிட்டத்தட்ட இரண்டு பங்குக்கு நிற்கும். படபடப்பு, எரிச்சல், ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தேடுவது என்று எல்லாவற்றையும் சிகரெட் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பீர்கள், பாதி டீயின் கணக்கு. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். ஒரு வாரத்தில் மூன்றுக்குக் கொண்டுவாருங்கள், மாலை ஐந்துக்குப் பிறகு வேண்டாம்.

நாலு மணிக்கு என்ன செய்வது? கொஞ்ச நாளைக்குப் படியையும் கடையையும் மாற்றுங்கள். மூன்றே முக்காலுக்கே இறங்கி, எதிர்த் திசையில் நடந்து, பருத்திப்பால் விற்கிற இடத்துக்குப் போங்கள். சுக்கும் ஏலமும் போட்ட அந்தச் சூட்டை ஆற்றி ஆற்றித்தான் குடிக்க முடியும், கைக்கும் வாய்க்கும் வேலை. தைரியம் வந்த பிறகு பழைய டீக்கடைக்கே திரும்பிப் போய் நில்லுங்கள், ஏனென்றால் அங்கேயும் புதுப் பாடம் எழுதியாக வேண்டும். நமநமப்பு வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். அலை மாதிரி ஏறும், பெரும்பாலும் சில நிமிடத்தில் தானே இறங்கும். நான் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து, மைய மண்டபத்தைப் பார்த்தபடி, எத்தனையோ தடவை அது இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். முடியாத நாளில் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது, நாலு மென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதைவிட வலுவான மாத்திரைகளும் உண்டு, அவை டாக்டர் சீட்டோடுதான். அரசின் புகையிலை ஆலோசனை எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

போனை நான் விடச் சொல்ல மாட்டேன், வியாபாரத்துக்கு வேண்டும். ராத்திரி சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே மாற்றுங்கள். எட்டி எடுக்க எழுந்து நடக்க வேண்டுமென்றால் கட்டைவிரல் பாதி ராத்திரி தோற்றுவிடும். டோபமைன் விரதத்தில் நன்மை நடப்பதும் இதனால்தான். விளக்கு எரியவில்லை, அவ்வளவே. எட்டாவது நாள் அதே தலையணைக்கு அடியில் அதே போன் வந்தால் விளக்கும் வந்துவிடும்.

இருபத்தொரு நாளில் பழக்கம் மாறும் என்பதையும் நம்பி ஏமாறாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு புதுப் பழக்கம் தானாக ஓட ஆரம்பிக்க நடுவாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று யாராவது சொன்னால் வியட்நாம் போரைச் சொல்லுங்கள். அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர், ஊர் திரும்பியவர்களைத் தேடிப் போய்க் கேட்டார். அடிமையானவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அதில் விழுந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். ஆளை விட்டு அந்த இடமும் அந்த நேரமும் அந்தக் கூட்டமும் விலகியது பெரிய காரணம்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். இதைப் படிக்கிற வேறு யாராவது தினமும் அதிகமாகக் குடிக்கிறவராக இருந்தால், சிகரெட் மாதிரி அதைச் சட்டென்று தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். தம்பி, உங்களுக்கு: நாலு வாரம் ஆகியும் சோர்வு விலகாவிட்டால், அல்லது பசி தூக்கம் போய், பிழைத்திருப்பதே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும், அதை டோபமைன், விரதம் என்று நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள். அது மன அழுத்த நோயாக இருக்கலாம், குணப்படுத்தலாம். ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி எந்நேரமும் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக எதிர்சேவை. தாராளமாகப் போங்கள், அதை ஏன் விட வேண்டும்? அப்போது நாற்பது நாளைத் தாண்டியிருப்பீர்கள். ஆனால் மாட்டுத்தாவணியில் எனக்கு நடந்தது எதிர்சேவை நடக்கும் தல்லாகுளத்தில் உங்களுக்கு நடக்கும். வருடத்துக்கு ஒரே ஒரு ராத்திரி வருகிற விளக்கு அது. கண்விழிப்பு, வேட்டுச் சத்தம், சூட வாசனை, பழைய நண்பர்கள், நடுநிசியில் டீ. போன சித்திரையில் எழுதிய பாடம் அப்படியே இருக்கும். அது வரும் என்று தெரிந்தே போங்கள். கூட்டத்தில் ஒருவரிடமாவது விட்டுவிட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், குடியோடு சேர்கிற இடத்தில் மட்டும் அந்த ராத்திரி நிற்க வேண்டாம். அப்புறம், வீட்டிலிருந்து பித்தளைச் செம்பு எடுத்துப் போய், சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் வைத்து அழகர் வரும்போது ஏற்றுங்கள். அந்தக் கூட்ட நெரிசலில் எரிகிற செம்பை இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும்.